“உங்க கதையை எழுதிக் கொடுங்க!” - அட்வான்ஸ் கொடுத்து நாடகம் எழுதவைக்கும் அரங்குகள்

2019 ஜனவரி, சிட்னி டவுன் ஹால். கச்சேரிகளும் மாநகராட்சி விழாக்களும் நடக்கிற 19-ம் நூற்றாண்டுக் கட்டடம். அதற்குள் ஒரு நாடகம். ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஓர் இளைஞன், பாட்டியின் அஸ்தியைக் கரைக்க அம்மாவோடு ஜார்ஜஸ் ஆற்றங்கரையில் நிற்கிறான். சடங்கு எதுக்குன்னே அவனுக்குச் சரியாகப் புரியவில்லை. மேடையில் ஒருவர் தமிழில் பேசினால், பக்கத்தில் நிற்கும் இன்னொரு நடிகர் அதை உடனுக்குடன் இங்கிலீஷில் சொல்கிறார். சப்டைட்டில் திரையெல்லாம் கிடையாது. தமிழ் தெரிந்தவர்கள் ஒரு நொடி முன்னாடியே சிரித்துவிடுகிறார்கள். தெரியாதவர்கள் அந்த ஒரு நொடி காத்திருக்க வேண்டும். சிட்னியின் பெரிய அரங்குகளில் காத்திருப்பது பெரும்பாலும் நம்மாட்களாகத்தான் இருந்திருக்கும், இல்லையா?

அந்த நாடகத்தின் பெயர் ‘கவுன்ட்டிங் அண்ட் க்ராக்கிங்’. எண்ணுவதும் உடைவதும். ஓட்டு எண்ணிக்கையில் ஆரம்பித்து மண்டை உடைவதில் போய் முடிந்த ஒரு ஜனநாயகத்தின் கதை என்பதால் இந்தத் தலைப்பு. எழுதியவர் எஸ்.ஷக்திதரன், இயக்கியவர் ஈமன் ஃப்ளாக். கொழும்பில் 1956-ல் ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்த காலத்தில் தொடங்கி, 1983 ஜூலையைத் தாண்டி, 2004-ல் சிட்னியில் வந்து நிற்கிற ஒரு தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறைகள். இறந்துபோய்விட்டார் என்று நினைத்திருந்த கணவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு போன் வருகிறது. அங்கிருந்து கதை பின்னோக்கி ஓடுகிறது. 16 நடிகர்கள், சுமார் 50 பாத்திரங்கள், மூன்றரை மணி நேரம், இரண்டு இடைவேளை. இலங்கைச் சாப்பாடும் உண்டு!

அந்த வருடம் ஆஸ்திரேலியாவின் ஹெல்ப்மன் விருதுகளில் ஏழு இதற்குத்தான். 2020-ல் விக்டோரியன் இலக்கியப் பரிசு, அதாவது 1 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், ஒரு நாடகப் பிரதிக்குக் கிடைத்தது. பிறகு 2022-ல் எடின்பரோ, 2024-ல் நியூயார்க் வரை போனது.

இதைப் படித்ததும் ‘ஆஹா, நம்ம பையன் ஜெயிச்சுட்டான்’ என்று ஒரு சந்தோஷம் வரும். வரட்டும். ஆனால், இந்தக் கட்டுரை அதைப் பற்றி அல்ல. இப்படி ஒரு நாடகம் தானாக மேடைக்கு வருவதில்லை. எழுதி முடித்த பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் எழுத்தாளர் அரங்கு அரங்காக ஏறி இறங்கியிருந்தால், 16 நடிகர்கள் கேட்கும் மூன்றரை மணி நேரத் தமிழ்க் குடும்பக் கதையை முதல் பக்கத்திலேயே மூடி வைத்திருப்பார்கள். எழுதுவதற்கு முன்பே, அல்லது எழுதிக்கொண்டிருக்கும்போதே, ஓர் அரங்கு கூட நிற்க வேண்டும். அதில் பணம் எப்படி வருகிறது, யாருக்கு வருகிறது, எங்கே சிக்கல் வருகிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கமிஷன்னா புரோக்கர் கமிஷன் இல்லீங்க!

வெளிநாட்டு நாடக உலகில் இதை ‘கமிஷன்’ என்பார்கள். நமக்கு கமிஷன் என்றால் வீட்டு புரோக்கர் வாங்குவது, இல்லாவிட்டால் அரசாங்கம் அமைக்கும் விசாரணை கமிஷன். இது வேறு. இன்னும் எழுதப்படாத நாடகத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, ‘எழுதுங்க, நாங்க இருக்கோம்’ என்று ஓர் அரங்கம் ஒப்பந்தம் போடுவதுதான் கமிஷன்.

நம் ஊரிலும் இதன் பக்கத்து வீட்டுப் பழக்கம் ஒன்று இருக்கிறது. திருவிழாவுக்குக் கூத்து வைக்க வேண்டுமென்றால் வாத்தியாரைப் பார்த்து வெத்தலை பாக்கு வைத்து, அட்வான்ஸ் கொடுத்து, தேதி வாங்குவார்கள். ஆனால், அங்கே கேட்பது தெரிந்த கதையை. கர்ண மோட்சமா, அர்ச்சுனன் தபசா என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். கமிஷனில் கேட்பது யாருக்கும் தெரியாத கதையை. பணம் கொடுப்பவருக்கு என்ன வரப்போகிறது என்றே தெரியாது. ரிஸ்க் அதுதான், அழகும் அதுதான்.

பிரிட்டனில் இதற்கு ஒரு பழகிப்போன முறை இருக்கிறது. எழுத்தாளர் சங்கம் பெரிய அரங்குகளோடு பேசி உருவாக்கிய ஒப்பந்தப்படி, பணம் பொதுவாக மூன்று தவணையாக வரும். கையெழுத்துப் போடும்போது ஒரு பங்கு. முதல் வரைவைக் கொடுத்ததும் ஒரு பங்கு. அரங்கு அதை ஏற்றுக்கொண்டதும் மீதி. அரங்கேறிய பிறகு டிக்கெட் வசூலில் ஒரு சதவிகிதம் ராயல்டி தனி. பிரதி பிடிக்கவில்லையென்றால்? வாங்கிய பணத்தை எழுத்தாளர் திருப்பித் தர வேண்டியதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குள் மேடையேற்றாவிட்டால் உரிமையும் எழுத்தாளருக்கே திரும்பிவிடும். அவர் வேறு அரங்கைத் தேடிப் போகலாம்.

இடையில் நடக்கிற வேலைகள்தான் சுவாரஸ்யம். வரைவு கைக்கு வந்ததும் நாலைந்து நடிகர்களை ஒரு வாரம் சம்பளம் கொடுத்து உட்காரவைத்து சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள். மேடை அலங்காரம், லைட் எதுவும் இருக்காது. நாற்காலி, தண்ணீர் பாட்டில், கையில் பிரதி. எழுத்தாளர் ஓரமாக உட்கார்ந்து எங்கே ஆட்கள் நெளிகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். காகிதத்தில் பிரமாதமாக இருந்த ஒரு பக்க வசனம் வாயில் வரும்போது செத்துக் கிடக்கும். அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவார். இப்படி ரெண்டு மூன்று சுற்று.

சரி, இதில் சமூகம் எங்கே வருகிறது? நேரத்தில் வருகிறது. ஒரு முழு நீள நாடகம் எழுத ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும். அப்பா சம்பாத்தியத்திலோ, சொந்த வீட்டு வாடகையிலோ வாழ்கிறவரால் அந்த இரண்டு வருடத்தைச் சும்மா ஓட்ட முடியும். காலையில் டெலிவரி வேலை, மாலையில் டியூஷன் என்று ஓடுகிறவரால் முடியாது. ‘அந்தச் சமூகத்துல இருந்து யாரும் நல்ல நாடகம் அனுப்பலையே’ என்று அரங்கு நிர்வாகிகள் சொல்வதில் பாதி உண்மைதான். அனுப்பவில்லை. அனுப்புவதற்கு அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இருந்தது.

அம்மா சொல்லாத கதை

ஷக்திதரன் விஷயத்துக்கு வருவோம். அவருடைய அம்மா ஆனந்தவல்லி, சிட்னியில் பரதநாட்டியம் கற்றுக்கொடுத்து, ‘லிங்காலயம்’ என்ற நடனக் குழுவை நடத்தியவர். கொள்ளுத்தாத்தா சி.சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், வவுனியா எம்.பி, சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராக இருந்தவர். இவ்வளவு பெரிய வரலாறு வீட்டுக்குள்ளேயே இருந்தும், மகனுக்கு அது முழுசாகத் தெரியாமலேயே வளர்ந்தார். அம்மா பேசவில்லை. போர் பார்த்த வீடுகளில் இது புதுசு கிடையாது. உங்களுக்கு ஈழத்துச் சிநேகிதர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ‘அப்பா அதைப் பத்திப் பேசவே மாட்டார்’ என்ற வாக்கியம் எங்கோ ஓர் இடத்தில் வந்துவிடும்.

மகன் தானாகத் தேடத் தொடங்கினார். மேற்கு சிட்னியில், குடியேறியவர்கள் நெருக்கமாக வாழ்கிற பகுதியில், ‘க்யூரியஸ்வொர்க்ஸ்’ என்ற சமூகக் கலை அமைப்பைத் தொடங்கி நடத்தியவர் அவர். அதனால் மற்றவர்களின் கதைகளைக் கேட்டுப் படமாக்குவது எப்படி என்று தெரியும். சொந்த வீட்டுக் கதையைக் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. பல வருடங்கள் எழுதியும் அடித்தும் ஒரு வடிவத்துக்கு வந்தது. சிட்னியின் முக்கியமான அரங்குகளில் ஒன்றான பெல்வார் கூட நின்றது. அதன் கலை இயக்குநர் ஃப்ளாக் பிரதியை உருவாக்குவதிலும் துணை எழுத்தாளராக உட்கார்ந்தார். அம்மா ஆனந்தவல்லி பண்பாட்டு ஆலோசனைக்கு வந்தார். பேசாத அம்மா, கடைசியில் ஒத்திகை அறையில்.

பெல்வாரின் சொந்த அரங்கு சின்னது. இந்த நாடகம் அதற்குள் அடங்காது. அதனால்தான் டவுன் ஹால். நடிகர்கள்? ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களை மட்டும் வைத்து முடியாது. இலங்கை, இந்தியா உட்படப் பல நாடுகளிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். விசா, விமான டிக்கெட், தங்குமிடம், பல வாரச் சம்பளம் என்று செலவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இங்கேதான் கமிஷன் என்பது வெறும் எழுத்துக்கூலி இல்லை என்று புரிகிறது. எழுத்தாளருக்குச் சில ஆயிரம் டாலர் கொடுத்துவிட்டு, ‘ஆனா நாலு பேருக்கு மேல பாத்திரம் வேணாம்’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை பிறந்திருக்காது. நான்கு தலைமுறைக் குடும்பத்தை நான்கு பேரை வைத்துச் சொல்வது எப்படி?

‘நடிக்க ஆள் இல்லை!’

இந்தச் சாக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான். அமெரிக்காவில் லரிசா ஃபாஸ்ட்ஹார்ஸ் என்று ஒரு நாடக ஆசிரியர். லகோட்டா பூர்வகுடியைச் சேர்ந்தவர். அவருடைய நாடகங்களுக்கு கமிஷன் கிடைக்கும், பாராட்டும் கிடைக்கும். ஆனால், இரண்டாவது தடவை மேடையேற்ற வேறு அரங்குகள் முன்வராது. ‘பூர்வகுடி நடிகர்களுக்கு எங்க போறது?’ என்று கையை விரிப்பார்கள். வெறுத்துப்போன அவர் என்ன செய்தார் தெரியுமா? வெள்ளையர் போல் தோற்றமளிக்கும் நான்கு பேர் மட்டுமே நடிக்கிற மாதிரி ஒரு நாடகம் எழுதினார். பூர்வகுடிகளைப் பற்றி ‘யார் மனசும் புண்படாமல்’ பள்ளி நாடகம் போட நினைத்து, ஒரு பூர்வகுடி ஆள்கூட இல்லாமல் திண்டாடும் நான்கு நல்லவர்களின் கதை. பெயர் ‘தி தேங்க்ஸ்கிவிங் ப்ளே’. நையாண்டி என்றால் இதுதான் நையாண்டி!

அந்த நாடகம் 2023-ல் பிராட்வேக்குப் போனது. பிராட்வேயில் நாடகம் மேடையேறிய, அறியப்பட்ட முதல் பூர்வகுடிப் பெண் அவர்தான். 2023-ல் ‘முதல்’ என்பதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்ஸின் இன் தி சன்’ மூலம் ஒரு கறுப்பினப் பெண் அதே பிராட்வேக்கு வந்தது 1959-ல். ஒரு கதவு திறந்தால் அடுத்த கதவு தானாகத் திறக்கும் என்பதெல்லாம் சும்மா.

ஃபாஸ்ட்ஹார்ஸ் இன்னொரு வேலையும் செய்தார். 1986-ல் தொடங்கப்பட்ட ‘கார்னர்ஸ்டோன்’ என்று ஒரு நாடகக் குழு லாஸ் ஏஞ்சலஸில் இயங்குகிறது. இவர்கள் முறையே தலைகீழ். முதலில் ஓர் ஊருக்கோ சமூகத்துக்கோ போவார்கள். கதை கேட்கும் கூட்டங்கள் நடக்கும். எழுத்தாளர் அதைக் கேட்டு எழுதி, திரும்ப அவர்களிடமே படித்துக் காட்டுவார். பிறகு தொழில்முறை நடிகர்களும் அந்த ஊர்க்காரர்களும் சேர்ந்து நடிப்பார்கள். இவர்களோடு சேர்ந்து ஃபாஸ்ட்ஹார்ஸ் எழுதியவைதான் ‘அர்பன் ரெஸ்’ உள்ளிட்ட பூர்வகுடி நாடகங்கள். நடிக்க ஆள் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. கதை கொடுத்தவர்களே நடிகர்கள்.

யாருக்காக எழுதுறோம்?

லாஸ் ஏஞ்சலஸின் மார்க் டேப்பர் அரங்கு, லூயிஸ் வால்டெஸிடம் ஒரு நாடகம் எழுதச் சொல்லிக் கேட்டது. வால்டெஸ் 1965-ல் கலிஃபோர்னியா விவசாயத் தொழிலாளர் போராட்டத்தின்போது, லாரியின் பின்பக்கத்தையே மேடையாக்கி நாடகம் போட்டவர். அவர் எழுதி 1978-ல் மேடையேறியது ‘ஸூட் சூட்’. 1940-களில் அதே ஊரில் மெக்சிக்க வம்சாவளி இளைஞர்கள் மீது போடப்பட்ட ஒரு கொலை வழக்கும், அதைத் தொடர்ந்த கலவரமும்தான் கதை. ஊரே திரண்டு வந்தது. அதுவரை அந்த அரங்குக்குள் கால் வைக்காத மெக்சிக்கக் குடும்பங்கள், தாத்தா பாட்டியோடு வந்து பார்த்தன. பெரிய அரங்குக்கு மாற்றியும் கூட்டம் குறையவில்லை.

அடுத்த வருடம் அதை நியூயார்க் பிராட்வேக்குக் கொண்டுபோனார்கள். விமர்சகர்கள் கடித்துக் குதறினார்கள். சில வாரங்களில் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. ஒரே பிரதி, ஒரே இயக்குநர். மாறியது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள். இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு சமூகத்தின் கதையை கமிஷன் செய்கிற அரங்கு, அந்தச் சமூகத்தை உள்ளே அழைத்து வரும் வேலைக்கும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். டிக்கெட் விலை, பஸ் வசதி, மேட்னி ஷோ, அவர்கள் மொழியில் நோட்டீஸ். இது இல்லாமல் நாடகம் மட்டும் போட்டால், ஒரு தெருவின் கதையை இன்னொரு தெருக்காரர்கள் வேடிக்கை பார்க்கிற நிகழ்ச்சியாகிவிடும்.

உள்ளே வந்தவர்கள் எல்லாரும் கை தட்டுவார்கள் என்ற உத்தரவாதமும் கிடையாது. பர்மிங்ஹாம் ரெப் அரங்கில் 2004 டிசம்பரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். குர்ப்ரீத் கவுர் பட்டி என்ற சீக்கியப் பெண் எழுதிய ‘பெஹ்ஸ்தி’. அவமானம் என்று பொருள். குருத்வாராவுக்குள் நடக்கும் பாலியல் வன்முறை பற்றிய கதை. அரங்கு நிர்வாகம் முன்கூட்டியே சீக்கியப் பிரமுகர்களை அழைத்துப் பேசியது. ‘கதை நடக்கும் இடத்தை குருத்வாராவிலிருந்து ஒரு சமூகக்கூடமாக மாத்துங்க’ என்று அவர்கள் கேட்டார்கள். எழுத்தாளர் மறுத்துவிட்டார். அரங்கின் முன் பெரும் போராட்டம், கண்ணாடிகள் உடைந்தன. இரண்டு நாளில் நாடகம் நிறுத்தப்பட்டது. எழுத்தாளர் கொலை மிரட்டலுக்குப் பயந்து மறைந்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே எந்தப் பக்கம் நிற்பது? ‘சமூகத்தைக் கேட்டுத்தான் எழுதணும்’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், சமூகம் சார்பாகப் பேச வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் யார்? கமிட்டித் தலைவர்கள், பெரியவர்கள், அதாவது ஆண்கள். அந்த வீட்டுக்குள் வாய் மூடி இருந்த பெண் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார். அவர்தான் நாடகமே எழுதுகிறார்! கலந்து பேசுவது அவசியம், ஆனால், பிரதியைத் திருத்தும் அதிகாரம் எழுத்தாளர் கையைவிட்டுப் போகக் கூடாது என்பது என் கட்சி. பட்டி அதோடு ஓயவில்லை. ஒரு நாடகம் நிறுத்தப்பட்ட கதையையே ‘பெஹுத்’ என்று 2010-ல் நாடகமாக்கினார்.

வெளியாள் எழுதலாமா என்ற கேள்விக்கும் ஒற்றை வரிப் பதில் கிடையாது. 1998-ல் அமெரிக்காவின் லாரமி என்ற சிறு நகரில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற மாணவர், தன்பாலின ஈர்ப்பாளர் என்பதற்காகக் கொல்லப்பட்டார். நியூயார்க்கிலிருந்து ஒரு நாடகக் குழு அங்கே போய், 200-க்கும் மேற்பட்ட பேட்டிகள் எடுத்து, அந்த வார்த்தைகளையே கோத்து 2000-ல் ‘தி லாரமி ப்ராஜெக்ட்’ என்று மேடையேற்றியது. எல்லாரும் வெளியூர்க்காரர்கள். அவர்கள் அதை மறைக்கவில்லை. பேட்டி எடுக்கப் போன தங்களையே மேடையில் பாத்திரங்களாக நிறுத்தினார்கள். ஒருமுறை போய் நோட்டு நிரப்பிக்கொண்டு வந்துவிடாமல், திரும்பத் திரும்பப் போனார்கள். அந்த நேர்மை இருந்தால் வெளியாளும் எழுதலாம் போல. ஒரு நாள் டீ குடித்துவிட்டு வந்து ‘ஆய்வு செய்தேன்’ என்றால்தான் பிரச்னை.

அலமாரியில் தூங்கும் பிரதிகள்

கமிஷன் கிடைத்துவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி என்று நினைக்காதீர்கள். கமிஷன் ஆகிற நாடகங்கள் எல்லாம் மேடையேறுவதில்லை. அரங்குகள் ஒரு சீசனுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே கமிஷன் கொடுத்து வைக்கும். வாசிப்பு நடக்கும், பாராட்டு நடக்கும், ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ நடக்கும். ஆண்டறிக்கையில் மட்டும் ‘இத்தனை சமூகங்களிலிருந்து இத்தனை எழுத்தாளர்களுக்கு கமிஷன்’ என்று அழகாக அச்சாகிவிடும். கொஞ்சம் காரமாகச் சொன்னால், இது புகைப்படத்துக்கு மாலை போடுகிற வேலை.

இன்னொரு பொறி, ‘ஒரு சீட்டு’. சீசனில் ஏழு நாடகம் என்றால் ஒன்று ‘அவங்களுக்கு’. அந்த ஒன்று ஓடாவிட்டால், ‘பார்த்தீங்களா, ஆடியன்ஸ் இல்லை’ என்று அடுத்த அஞ்சு வருடத்துக்குக் கதவு மூடிவிடும். மீதி ஆறில் மூன்று ஓடாவிட்டாலும் அந்த எழுத்தாளர்களின் சாதியையோ நிறத்தையோ யாரும் குறை சொல்வதில்லை.

இந்தப் பொறியைத் தாண்டியவர்கள் தனியாக வரவில்லை, பின்னால் ஒரு குழு இருந்திருக்கிறது. ‘ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்’ படம் பார்த்திருப்பீர்கள். ஓம் பூரி பாகிஸ்தான் அப்பாவாக வருவாரே, அதேதான். படம் 1999-ல் வந்தது. அதற்கு முன் 1996-ல் அது நாடகம். எழுதிய அயூப் கான் தின், சால்ஃபோர்டில் பாகிஸ்தான் அப்பாவுக்கும் ஆங்கிலேய அம்மாவுக்கும் பிறந்தவர், நடிகர். பிரதியை எழுதிப் பல வருடம் கிடப்பில் வைத்திருந்தார். தெற்காசியக் கதைகளுக்காகவே நடக்கும் ‘தமாஷா’ குழு, புதிய ஆசிய எழுத்தாளர்களுக்கு நடத்திய பட்டறையில்தான் அது தூசு தட்டப்பட்டது. தமாஷா, பர்மிங்ஹாம் ரெப், ராயல் கோர்ட் என மூன்று இடமும் கை கோத்ததால் ஒரே அடியில் மூன்று வகை ரசிகர்கள் கிடைத்தார்கள். சின்னக் குழுவிடம் ஆட்களைத் தெரியும், பெரிய அரங்கிடம் காசு இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வண்டி ஓடும்.

நம்ம மேடையில?

நம் சபா நாடகங்களின் செட்டைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். ஒரு ஹால், ஒரு சோபா, பக்கத்தில் டெலிபோன், பின்னால் சமையலறைக்கு ஒரு வாசல். அந்த வாசல் வழியாக காமெடிக்கு வருவார் வேலைக்காரர். அந்த வேலைக்காரர் வீட்டில் என்ன நடக்கிறது என்று காட்டும் நாடகத்துக்கு சபா தேதி கிடைத்திருக்குமா?

அப்படிப்பட்ட நாடகங்கள் தமிழில் வராமல் இல்லை. கே.ஏ.குணசேகரன் ‘பலி ஆடுகள்’ எழுதினார். தமிழின் தலித் நாடகங்களில் முன்னோடி என்று அதைத்தான் சொல்கிறார்கள். திருநங்கை எழுத்தாளர் ஏ.ரேவதி தன் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’யை, அ.மங்கையின் இயக்கத்தில், தானே மேடையில் நின்று நடித்துக் காட்டினார். ஸ்ரீஜித் சுந்தரத்தின் ‘கட்டியக்காரி’ குழு இந்த வரிசையில் தொடர்ந்து வேலை செய்கிறது. இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு யாரும் முன்கூட்டித் தவணை கொடுத்து எழுதச் சொல்லவில்லை. பேராசிரியர் சம்பளம், நண்பர்களின் ஐந்நூறு ஆயிரம், இயக்கங்களின் ஆதரவு, எப்போதாவது ஒரு நல்கை. பெங்களூரில் இருந்து இயங்கும் ‘இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்’ போன்ற ஒருசில அமைப்புகள் கலைஞர்களுக்கு விண்ணப்பத்தின் பேரில் நிதி தருகின்றன. ஆனால் அரங்கமே எழுத்தாளரைத் தேடிப் போய் ‘உங்க தெருவைப் பத்தி எழுதுங்க, இந்தாங்க முதல் தவணை’ என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. அரங்கம் என்றாலே நமக்கு வாடகைக்கு விடுகிற கட்டடம்தானே!

உங்களைக் கேட்டு யாராவது வந்தால்...

இதைப் படிக்கிற உங்களில் எழுதுகிறவர்கள் இருக்கலாம். அல்லது ஒரு குழு உங்கள் ஊருக்கு, உங்கள் தொழிலுக்கு, உங்கள் வீட்டுக்குக் கதை கேட்டு வரலாம். வெட்கப்படாமல் கேளுங்கள்.

எழுதுகிறவரானால் முதல் கேள்வி பணம்தான். கையெழுத்தன்று எவ்வளவு, வரைவு கொடுத்ததும் எவ்வளவு? மேடையேற்றாவிட்டால் பிரதி எப்போது என் கைக்கு வரும்? சினிமாவாகவோ வெப் சீரிஸாகவோ ஆனால் உரிமை யாருக்கு? இதை வாய்வார்த்தையில் விடாதீர்கள், பேப்பரில் வாங்குங்கள். ‘நம்மளுக்குள்ள என்னங்க பேப்பர்’ என்று சொல்பவரிடம் கண்டிப்பாக வாங்குங்கள். இயக்குநர் யார், அவரைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குச் சொல் உண்டா என்பதும் முக்கியம். உங்கள் வட்டார வழக்கைத் திருத்தி ‘நல்ல தமிழாக்க’ ஆசைப்படும் இயக்குநரோடு ஆறு மாதம் ஓட்டுவது லேசில்லை.

கதை கொடுப்பவரானால் கேள்வி வேறு. என் பெயர் வருமா, வராதா? எழுதினதை எனக்கு முதலில் படித்துக் காட்டுவீர்களா? என் வீட்டார் இதைப் பார்த்தால் எனக்கு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? பேட்டிக்கு வந்த நாளில் என் கூலி போகிறதே, அதை யார் கொடுப்பது? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலரும் கூச்சப்படுவார்கள். கூச்சமே வேண்டாம். லைட்மேனுக்குக் கூலி உண்டு, மைக் செட்டுக்கு வாடகை உண்டு. கதைக்கு மட்டும் ஏன் டீ, பிஸ்கட்டோடு முடிய வேண்டும்?

வெறும் பார்வையாளர் என்றாலும் ஒரு வேலை இருக்கிறது. போய்ப் பாருங்கள், டிக்கெட் எடுத்துப் பாருங்கள். பாஸ் கேட்காதீர்கள்.

ஷக்திதரனுக்கு முதல் நாடகத்தோடு கதவு மூடவில்லை. 2022-ல் ஃப்ளாக்கோடு சேர்ந்து ‘தி ஜங்கிள் அண்ட் தி சீ’ எழுதினார். பெல்வார்தான் மேடையேற்றியது. போரில் குடும்பம் சிதற, எல்லாரையும் மறுபடி பார்க்கும்வரை கண்ணைக் கட்டிக்கொள்ளும் ஒரு தாய் அதில் வருகிறார். மகாபாரதத்துக் காந்தாரி உங்களுக்கு ஞாபகம் வந்தால் சரிதான். கண்ணில் துணி கட்டி அந்தத் தாயாக மேடையில் நின்றவர், ஆனந்தவல்லி.